முடிச்சு வெளியே இருக்க வேண்டும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே உப்புக்காற்றிலும் பாலம் கட்டும் வேலையிலும் உன் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு முடிச்சு. உன் வண்டி சைலன்சரின் வாயில் நான் செருகி வைக்கும் துணியின் முடிச்சு. நீ சொல்லிக்கொடுத்தபடி பழைய தலையணை உறையைக் கிழித்து, ஒரு முனையில் பெரிய முடிச்சாகப் போட்டு, முடிச்சில்லாத முனையை உள்ளே செருகி, முடிச்சை வெளியே விடுவேன். முடிச்சு வெளியே இருந்தால்தான் பிடித்து இழுக்க முடியும், வண்டியை எடுக்கும்போது கண்ணிலும் படும், மறந்துபோய் ஸ்டார்ட் செய்து வண்டிக்கு மூச்சு முட்டாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைக்கப் போனபோது துணி இருந்தது, முடிச்சைக் காணோம். யாரோ துணியை உருவிவிட்டு அவசரத்தில் தலைகீழாகத் திணித்திருந்தார்கள், முடிச்சு உள்ளே போய்விட்டிருந்தது. மாடிவீட்டுப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்து, இடுக்கியை விட்டு இழுத்து எடுத்து, சரியாகச் செருகிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டேன் அண்ணா.

இந்தக் கடிதம் அம்மா சொல்லி நான் எழுதுவது அல்ல. வழக்கமாக அவள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், நடுவில் தலையைத் தூக்கினால் 'என்ன பாக்கறே, சொன்னதை மட்டும் எழுது' என்பாள். இன்று ஞாயிறு, அவள் சலவைக்கூடத்துக்குப் போயிருக்கிறாள், மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் மலைமாதிரி குவிந்துவிட்டதாம். அவள் வருவதற்குள் எழுதி முடித்து ஒட்டிவிட வேண்டும். நீ டவுனுக்கு வந்து போன் செய்யும்போது சொல்லியிருக்கலாமே என்பாய். போனைக் காதில் வைத்தால் எனக்கு 'ம்' வரும், இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தால் 'ம்ம்' வரும், அதற்கு மேல் வராது. ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவனே நீதான். ஊமைக்கோட்டானுக்கு வாய்தான் இல்லை, கண் இருக்கிறது, கையும் இருக்கிறது. கண்ணால் பார்த்ததைக் கையால் எழுதுகிறேன்.

நீ புறப்பட்ட அன்று வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று, வண்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை நீயே மடக்கினாய். 'வண்டி இனிமே உன் பொறுப்பு சின்னவளே. பதினெட்டு ஆனதும் லைசென்ஸ் எடு, அப்புறம் வண்டியே உன்னோடதுதான்' என்றாய். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நீ ஏறிய பேருந்து முனை திரும்பியதுதான் தாமதம், 'உன் கையில சாவி எதுக்கு, தொலைச்சிட்டு முழிப்பே' என்று வாங்கி அவளுடைய இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சாவிக்கு வெளிச்சம். வண்டியைச் சந்திலிருந்து தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வருவேன், சந்துக்குள்ளேயே ஓடவிட்டால் புகை வீட்டுக்குள் ஏறி ஆளைச் சாய்த்துவிடும் என்று நீ பயமுறுத்தியிருக்கிறாய் அல்லவா. ஸ்டார்ட் செய்ததும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். இன்ஜின் ஒரு மூச்சு விட்டுச் சீராகும் முன்னே 'போதும் போதும், நிக்கிற வண்டிக்கு என்ன தீனி' என்று அணைக்கச் சொல்லிவிடுவாள். நானும் அணைத்துவிடுவேன். நாங்கள் செய்த தப்பு அதுதான் என்று முதல் மழைக்காலம் முடிந்தபோது தெரிந்தது. நான் தினமும் துடைத்தும் சைலன்சரின் அடிவயிற்றில் அம்மைத் தழும்பு மாதிரி பொரிப்பொரியாகத் துரு கிளம்பியிருந்தது. வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டு உடனே அணைத்தால் குழாய்க்குள் தண்ணீர் வேர்க்கிறது அண்ணா, வாயிலிருந்து சொட்டுவதை நானே கையில் ஏந்திப் பார்த்தேன். குழாய் கடைசிவரை நன்றாகச் சூடானால்தான் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும். அரைகுறையாகச் சூடாக்கி அணைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும், வெளியே எவ்வளவு மினுக்கினாலும் உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். இதைச் சொல்லி அம்மாவிடம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடக் கேட்டேன். என் ஆயுளில் நான் அவளிடம் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டே, தண்ணீர் வடிவதற்கு, அது சேற்றில் அடைந்திருந்ததையும் தலைக்குக் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தேன். இவ்வளவும் எதற்குச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். அடுத்த மாதம் எனக்குப் பதினெட்டு.

முடிச்சுக்குப் பிறகு சேறு. முன்சக்கரத்துக்குப் பின்னால் குழாய் வளைகிற இடத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது, மஞ்சள் மண். நம் தெரு முழுக்க சிமெண்ட், மஞ்சள் மண் இருப்பது தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில், வண்டி பழகுகிறவர்கள் விழுந்து எழும் இடம். நின்ற இடத்தில் நிற்கும் வண்டிக்கு மைதானத்து மண் எப்படி நடந்து வந்தது என்று யோசித்தேன், யோசித்துவிட்டுத் துடைத்தேன். பிறகு அம்மாவின் கால். வலது கெண்டைக்காலின் உள்பக்கம் வெற்றிலை அளவுக்கு வெந்திருந்தது. கேட்டதற்கு, 'இஸ்திரிப்பெட்டி பட்டிருச்சு, மருந்து போடு' என்றாள். நானும் போட்டேன், ஊதி ஊதிப் போட்டேன். இஸ்திரிப்பெட்டி மேசைமேல் இருக்கும் சாமான், அது இறங்கி வந்து கெண்டைக்காலில், அதுவும் உள்பக்கத்தில் எப்படி முத்தம் கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வண்டி பழகுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில்தான் சுடும், உனக்கும் அதே இடத்தில் தழும்பு இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். இருந்தும் தோன்றவில்லை. அம்மா சொன்னால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு நினைப்பை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. அப்புறம் அலமாரியிலிருந்த உன் பழைய நீல பேண்ட் காணாமல் போனது. கடைசியாக, போன வியாழக்கிழமை, நான் தைத்த தலையணை உறைகளை மருத்துவமனையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சந்து வழியாக நுழையும்போது பழக்கத்தில் சைலன்சர் மேல் கையை வைத்தேன். வெடுக்கென்று எடுத்துவிட்டேன். கொதித்தது. உள்ளங்கையில் இன்னும் சிவப்பு இருக்கிறது, இந்தப் பேனாவைப் பிடிக்கும் கைதான்.

சூட்டுக்கு மேல் இன்னொரு சூடு அதற்கு மறுநாள் காத்திருந்தது. அதைச் சொல்லும் முன், உனக்குத் தெரிந்த ஒன்றை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். மருத்துவமனைக்கு எதிரே ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் அக்கா, நான் உறை கொடுக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பாளே, அவள் ஒருநாள் கூப்பிட்டு, ஊருக்குள் அங்கங்கே எடுக்கும் ரத்த மாதிரிகளைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு வந்து சேர்க்க இரண்டு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்த பெண்பிள்ளை வேண்டும், லைசென்ஸ் எடுத்ததும் வருகிறாயா என்று கேட்டாள். பெட்டியை வாங்க வேண்டும், பெட்டியைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான், யாரிடமும் பேசவே வேண்டாம் என்றாள். எனக்கென்று கடவுள் தச்சுவேலை செய்து வைத்த மாதிரி இருந்தது. அன்றே அந்த வழி முழுவதையும் நடந்து பார்த்தேன், எங்கே பள்ளம், எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே நாய் துரத்தும் என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அம்மா சொல்லி எழுதிய அந்த மாதக் கடிதத்தின் அடியில், அவள் பார்க்காதபோது, எறும்பு மாதிரி எழுத்தில் உனக்கு மட்டும் எழுதினேன், அம்மாவிடம் இப்போது சொல்லாதே அண்ணா, லைசென்ஸ் கையில் வந்ததும் நானே சொல்கிறேன், ஒரு தடவையாவது நானே சொல்கிறேன் என்று. அந்தக் கடைசி வரியை நீ படித்தாயா?

வெள்ளிக்கிழமை அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அடுத்த மாதம் எனக்குப் பதினெட்டு ஆகிவிடும் என்று சொல்லத்தான் போனேன், வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அவள், 'பரவாயில்லம்மா, உனக்கு இஷ்டமில்லைன்னு அம்மா வந்து சொன்னாங்க. ரோட்டுல போறது பயம்னு சொன்னியாமே. அம்மாவே வந்துடறாங்க, திங்கள்கிழமையிலருந்து' என்றாள். இப்படி ஓர் அம்மா கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும், இந்த வயதில் எனக்காக வண்டி பழகி எட்டுப் போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாளே என்று வேறு சொன்னாள். எனக்கு ஊர்ச் செய்தி தெரிவது மாதிரி என் வீட்டுச் செய்தி தெரிந்தது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய். 'ம்' என்றேன். என்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அம்மாவோடு உன் சிநேகிதன் ஒல்லி உட்கார்ந்திருந்தான். கதவில் பக்கவாட்டில் நுழைகிற உடம்புக்கு எந்தப் புண்ணியவான் ஒல்லி என்று பெயர் வைத்தானோ. வழக்கமாக அவன் தட்டில் போட்டதைப் பார்த்துக்கொண்டே பேசுவான், அன்று தட்டை மட்டும் பார்த்தான். நான் அம்மாவிடம், 'சாவி எங்கே' என்று கேட்டேன். அது ஒன்றுதான் கேட்டேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. முதலில் கத்தினாள், 'சாவி என் பெட்டியில இருக்கு, வேற எங்க இருக்கும்' என்றாள். பிறகு நான் நின்றுகொண்டே இருந்ததால், கேட்காததையெல்லாம் சொன்னாள். ஒல்லிதான் மைதானத்தில் பழக்கினானாம், மூன்று தடவை விழுந்தாளாம், ஒரு தடவை வண்டியோடு சேர்ந்து சாய்ந்ததில் சைலன்சர் மேலிருக்கும் சூடு மறைக்கும் தகடு கழன்றுவிட்டதாம், அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறாளாம், கால் வெந்தது அதனால்தானாம். 'உன் நல்லதுக்குத்தான்டி. எதிர்ல லாரி வந்தா நீ என்ன செய்வே, ஓரமா நின்னு முதல்ல நீங்க போங்கன்னு கும்பிடுவே. ஹாரன் அடிக்கறதுக்கே உனக்குக் கூச்சம், யாருக்கு காது வலிக்குமோன்னு யோசிப்பே. அவன் அவன் உன்மேலயே ஏத்திட்டுப் போவான்' என்றாள். ஒல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயில் இருந்தது புரையேறி இருமினான். எனக்கே சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னாள் அண்ணா, அதனால்தான் அவ்வளவு வலித்தது. பொய் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அது முடிந்ததும் அவள் சொன்னாள், 'நானா ஒண்ணும் பண்ணல, உங்கண்ணன்தான் சொன்னான்.' நான் ஒல்லியைப் பார்த்தேன், அவன் தட்டைப் பார்த்தான். என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ போன் செய்த அன்றே சொல்லிவிட்டாயாம், சின்னவளுக்கு ரோடு சரிப்படாதும்மா, நீங்க பழகிக்கோங்க, அந்த வேலை நம்ம வீட்டை விட்டுப் போக வேண்டாம், அவகிட்ட நான் பக்குவமா எழுதறேன் என்றாயாம். அன்று போனையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போன அம்மாவுக்கு ஒரு சேலையைக் காயப்போட ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று அப்போது தெரிந்தது. உன் பக்குவமான கடிதமும் வந்தது, நான்தான் அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முகாமில் உனக்கு ஒரு பழைய வண்டி கொடுத்திருக்கிறார்கள், உப்புக்காற்றில் அதன் சைலன்சர் பொரிந்து போகிறது, என்ன செய்யலாம் என்று சின்னவளிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள், நம் வண்டியையும் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். பக்குவம் என்னவோ நிறைய இருந்தது, விஷயம்தான் இல்லை. நான் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்து விளக்கை அணைத்தேன்.

பத்தாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை விட்ட அன்றும் இப்படித்தான் நடந்தது, உனக்கு ஞாபகம் இருக்காது. எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது, பிள்ளைகள் சிரிப்பார்கள், அது உண்மை. அம்மா போய்த் தலைமையாசிரியரிடம், 'அவளுக்குப் படிப்புல இஷ்டமில்லைங்க' என்றாள். நான் அறைக்கு வெளியே கதவோரம் நின்றிருந்தேன். இஷ்டம் இருக்கிறதா என்று அவர் என்னைக் கேட்கவில்லை, எனக்கும் உள்ளே போய்ச் சொல்ல வரவில்லை. அப்போது அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை என்று மனசை ஆற்றிக்கொண்டேன். இப்போது அதே வார்த்தை, அதே இஷ்டமில்லை. இந்த முறை அதை அவளுக்கு எடுத்துக் கொடுத்தது நீ. அம்மா செய்தது பயத்தில், அவள் பயத்தைக்கூட என்னால் பிடித்துப் பார்க்க முடிகிறது, காலில் வெந்த இடத்தைப் பார்த்தேனே. நீ எதில் செய்தாய் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. சாவியை என் கையில் வைத்து விரலை மடக்கியது யார், அதைத் திறந்து எடுத்தது யார்? வேலிக்குப் போட்ட முள் காலில் குத்தினால் யாரிடம் போய்ச் சொல்வது?

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன், கோபம் உன்மேல்தான், முகாம் வண்டி எனக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. உப்புக்காற்று இருக்கும் இடத்தில் குழாய்மேல் ஒட்டும் உப்பை நாள்பட விடாதே, நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு மெல்லிய துணியால் கழுவு, ஆனால் ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு தண்ணீர் ஊற்றாதே, கையை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும், சூட்டில் ஊற்றினால் மேல்பூச்சு வெடிக்கும், ஆவி உன் முகத்தில் அடிக்கும். கழுவும்போது வாயை அடைத்துக்கொள், கழுவி முடித்ததும் மறக்காமல் எடு. வளைவுகளில், கிளாம்பு பிடித்திருக்கும் இடுக்குகளில் சேறு உட்கார்ந்திருக்கும், துரு முதலில் கூடு கட்டுவது அங்கேதான், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடு. துடைத்ததும் நிறுத்தி வைத்துவிடாதே, ஒரு சுற்றுப் போய்விட்டு வா, உள்ளே இருக்கும் ஈரம் போக வேண்டும். பளபளப்பான குழாயில் லேசான துரு இருந்தால் சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய், வரும், முரட்டு நாரால் தேய்க்காதே, பளபளப்பும் சேர்ந்து வந்துவிடும். கறுப்புப் பெயிண்ட் அடித்த குழாய் என்றால் துருவைத் தேய்த்து எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சூடு தாங்கும் பெயிண்ட் என்று கேட்டு வாங்கி அடி, ஜன்னலுக்கு அடிக்கும் பெயிண்டை அடித்தால் முதல் சவாரியிலேயே தோசை மாதிரி உரிந்து வரும். நாலைந்து நாள் எடுக்காமல் நிற்கப்போகிறது என்றால் ஆறிய குழாயில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு தடவி வை, மறுபடி எடுக்கும் முன் துடைத்துவிடு, இல்லாவிட்டால் புகைந்து கறை பிடிக்கும். சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதே, மழைக்கோட்டும் அதன்மேல் படக்கூடாது, உருகி ஒட்டினால் சுரண்டி மாளாது. சூடு மறைக்கும் தகடு இல்லாமல் ஓட்டாதே, உனக்குத் தழும்பு இருக்கிறது, அம்மாவுக்கும் வந்துவிட்டது, போதும். வாயை அடைக்கும் துணியை, குழாய் நன்றாக ஓடிக் காய்ந்து, பிறகு முழுசாக ஆறின பிறகு மட்டும் செருகு. முடிச்சு வெளியே இருக்க வேண்டும். இவ்வளவையும் தெரிந்துகொண்டது நான் ஓட்டப்போகும் வண்டி என்று நினைத்து. யாருக்கோ பார்த்த காவல் ஆகிவிட்டது.

இன்று காலை அம்மா வேலைக்குப் போகும் முன் சாவியை முதல் தடவையாகச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள், இனி ஒளிக்க என்ன இருக்கிறது. போகிற போக்கில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், 'இன்ஜின் பக்கத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுடி, நாளைக்கு முத நாளு, கொஞ்சம் பாத்து வை' என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் சொன்னால் நம்பமாட்டாய். அவள் போனதும் போய்ப் பார்த்தேன். குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கரி படிந்திருக்கிறது, விழுந்த வேகத்தில் நட்டுகள் இளகிவிட்டன, அந்த இடைவெளியில் புகை கசிகிறது. அப்படியே ஓட்டினால் நாளைக்கே எங்காவது நட்டு கழன்று, குழாய் தொங்கி, நடுத்தெருவில் நிறுத்தும். நிற்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஸ்பானரைக் கையில் எடுத்தேன், திரும்பப் பெட்டியிலேயே போட்டேன், வந்து உட்கார்ந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். கட்டிலுக்கடியில் தகடும் இருக்கிறது, உன் நீல பேண்ட்டில் சுற்றி வைத்திருக்கிறாள். முழங்காலில் தையல் விட்டிருந்ததை அவளே தைத்திருக்கிறாள், தையல் கோணல், என்னிடம் கொடுத்தால் தெரிந்துவிடும் என்று.

அம்மா எழுதச் சொன்னால் இந்த இடத்தில் ஆசீர்வாதம் சொல்வாள். நான் உனக்கு இளையவள், ஆசீர்வாதம் செய்யும் வயது எனக்கு இல்லை, இருந்தாலும் நீ ஏறும் சாரம் உறுதியாக இருக்கட்டும், கட்டும் பாலம் நிற்கட்டும், வேளைக்குச் சாப்பாடு கிடைக்கட்டும். இடுப்புக் கயிற்றைக் கட்டாமல் மேலே ஏறாதே, இதை அம்மா எப்போதும் எழுதச் சொல்வது, நானும் எழுதுகிறேன். அடுத்த கடிதத்தை அம்மாவுக்கு எழுதினால் அம்மா பெயருக்கு எழுது, எனக்கு எழுதுவதாக இருந்தால் எனக்கென்று தனியாக எழுது, இரண்டையும் ஒரே உறையில் போடாதே.

உன் தங்கை.

பின்குறிப்பு: நேற்று ஒட்டுவதற்குள் அம்மா வந்துவிட்டாள், அதனால் கடிதம் என்னிடமே இருந்தது. இன்று திங்கள். அம்மா எழுவதற்கு முன் சந்துக்குப் போய், குழாய் ஆறியிருக்கும்போதே நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். தகட்டை மாட்டினேன். சைலன்சரிலிருந்து துணியை உருவி, முடிச்சு தெரியும்படி சீட்டின்மேல் வைத்தேன். பிறகு தபால்பெட்டிக்குப் போகும் வழியை விட்டு மருத்துவமனைப் பக்கம் நடந்தேன். அந்த அக்கா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பும்வரை காத்திருந்து, 'அக்கா, இஷ்டமில்லைன்னு நான் சொல்லவே இல்ல. எனக்கு இஷ்டம் இருக்கு' என்று சொன்னேன்.